மெட்டிக்கு இடம் உள்ள ஷூ

பெங்களூரு ஈஜிபுராவில் மூன்று மாடி வீடு. தொம்மலூர் பக்கம் இன்று கண்ணாடி போட்டு மினுக்கிக்கொண்டு நிற்கிற ஆபீஸ் கட்டிடங்களில் ஏழெட்டுக்கு, அந்தக் கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் கூரை. சந்தாபுராவில் நடுவில் ஒரு தூண்கூட இல்லாத கல்யாண மண்டபம். ஒரு சர்ச்சுக்கு மணிக்கூண்டு, ஒரு மசூதிக்கு முன் தாழ்வாரம், இரண்டு அம்மன் கோயில்களில் கோபுரத்தைத் தாங்கும் பீம். இவையெல்லாம் நான் கட்டியவை. எஞ்சினியர் கோடு போட்டார், சொந்தக்காரர் பணம் போட்டார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பலகை அடித்து, முட்டுக் கொடுத்து, கம்பியை வளைத்துக் கட்டி, ஊற்றிய கான்கிரீட் இறுகும் வரைக்கும் தாங்கிப் பிடித்தது நானும் என் ஆட்களும். சென்ட்ரிங் வேலை என்றால் அதுதான். மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் செங்கத்திலிருந்து பஸ் ஏறியவன் நான். கன்னடமும் உருதுவும் சாரத்தின் மேல் நின்றே கற்றுக்கொண்டேன். எனக்குச் சிபாரிசு செய்ய இந்த ஊரில் ஒரு ஆள் கிடையாது. மழையில் வேலை நின்றது, ஆட்கள் ஓடிப்போனார்கள், ஒரு முறை நானே இரண்டாம் மாடியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்தேன். எழுந்து வந்து அதே மாடிக்குக் கூரை போட்டேன்.

பெருமைக்குத்தான் சொல்கிறேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் வேறு காரணமும் உண்டு. இப்படிப்பட்ட ஒருவன் சென்ற வருடம் ஒரு ஜோடி ஷூ வாங்க வழி தெரியாமல் ஒரு மாதம் திண்டாடினான். அவன் யார் என்று தெரியாவிட்டால் அந்தத் திண்டாட்டம் எவ்வளவு பெரிது என்பது உங்களுக்கு விளங்காது.

ஷூ எனக்கு இல்லை, என் மனைவிக்கு. எங்கள் ஒரே மகள் ஜெர்மனியில் இருக்கிறாள். அவளுக்குத் தலைப்பிரசவம். மருமகனுக்குத் தாயார் இல்லை. அம்மா வந்தே ஆக வேண்டும் என்று போனில் அழுதாள். நானும் கூடப் போவதாகத்தான் இருந்தது. அதற்குள் எனக்கு நெஞ்சில் அடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, நீண்ட பயணம் இப்போதைக்குக் கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். ஆக, என்னை விட்டுத் தனியாகச் செங்கத்தைத் தாண்டி எங்கும் போகாத பெண்பிள்ளை, நடுவில் ஒரு ஊரில் இறங்கி விமானம் மாறி, கடல் கடந்து போக வேண்டும்.

அவளுக்கு நெடுநாளாகச் சர்க்கரை. எங்கள் தெருமுனை கிளினிக்கில் இருக்கும் டாக்டரம்மாவிடம் பயணத்துக்கு யோசனை கேட்கப் போனோம். அவர் அவளுடைய மாத்திரையைப் பற்றி இரண்டு வார்த்தையும், பாதத்தைப் பற்றி இருபது வார்த்தையும் சொன்னார். மணிக்கணக்கில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் பாதம் வீங்கும், அந்த வீக்கத்துக்கு இடம் விடுகிற ஷூ வேண்டும், விரல் பக்கம் அகலமாக, அடி மெத்தென்று, கழற்றவும் போடவும் சுலபமாக இருக்க வேண்டும், வெறுங்காலோடு ஓரிடத்திலும் நடக்கக் கூடாது என்றார். என் மனைவி தன் கால்களைப் பார்த்துக்கொண்டாள். ரப்பர் செருப்பைத் தவிர வேறெதையும் அறியாத கால்கள் அவை. இதென்ன பெரிய விஷயம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அழைத்து வந்தேன்.

கோரமங்களாவில் இருக்கும் பெரிய கடைக்குப் போனோம். சுவர் முழுக்க ஷூ. ஓடுவதற்கு ஒன்று, நடப்பதற்கு ஒன்று, மலை ஏறுவதற்கு ஒன்று. சும்மா உட்கார்ந்து பறப்பதற்கு எது என்று கேட்டேன். கடைப் பெண் கன்னடத்தில் ஏதோ நுரை, காற்று, மெமரி என்று அடுக்கினாள். எனக்குத் தெரிந்த வழியில் நான் பார்த்தேன். பலகை எடுப்பவன் எப்படிப் பார்ப்பானோ அப்படி. கையில் தூக்கி எடை பார்த்தேன், இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தேன், தையலை நகத்தால் நெருடினேன். எது வளையவில்லையோ அதுதான் நல்ல சரக்கு என்று முடிவு செய்தேன். கயிறு கட்டுகிற, கனமான, பழுப்பு நிற ஷூ. இன்னும் பத்து வருடத்துக்குத் தாங்கும். அவள் போட்டுக்கொண்டு எழுந்து நின்றபோது சேலைக்குக் கீழே இரண்டு செங்கல் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஒத்திகை வைத்தேன். எந்தக் கூரைக்கும் முட்டுத் தாங்குமா என்று ஏறிக் குதித்துப் பார்க்காமல் நான் கான்கிரீட் ஊற்றியது கிடையாது. விமான நிலையத்தில் சோதனையின்போது ஷூவைக் கழற்றி ஒரு தட்டில் வைக்கச் சொல்வார்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். தட்டுக்குப் பதில் கலவை அள்ளும் பாண்டு ஒன்றைக் கழுவி ஹாலில் வைத்தேன். கழற்றி இதில் வை, அந்தப் பக்கம் போ, திரும்ப எடுத்துப் போடு என்றேன். கழற்றிவிட்டாள். போடுவதற்குக் குனிந்தாள். முழங்கால் மடங்கவில்லை, வயிறு விடவில்லை, கயிற்றில் முடிச்சு விழவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அங்க யாரு எனக்கு கட்டி வுடுவா? நீங்க வருவீங்களா?"

மறுநாள் போய் மாற்றினேன்.

இரண்டாவது ஷூ ஒட்டுப் பட்டை வைத்தது. பரக்கென்று பிரிக்கலாம், அமுக்கினால் ஒட்டிக்கொள்ளும். இதைவிட வசதி கிடையாது என்று கடைப் பெண் சொன்னாள், நானும் ஒப்புக்கொண்டேன். சேலை கட்டுகிறவளுக்கு ஒட்டுப் பட்டை ஆகாது என்பது அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மூன்றாவது தரம் பாண்டைச் சுற்றி வரும்போதே சேலையின் ஓரம் பட்டையின் முள்ளில் போய் மாட்டியது. அவள் காலை எடுத்து வைத்தாள், சேலை வரவில்லை. நான் பிடித்திருக்காவிட்டால் சுவரில் போய் மோதியிருப்பாள். போனில் இதைக் கேட்ட மகள், அம்மாவைச் சுடிதார் போடச் சொல்லுங்க என்று சிரித்தாள். அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மூன்றாவது, கயிறும் இல்லை, பட்டையும் இல்லை. காலை நுழைத்தால் போதும், துணி ஷூ, பெண்களுக்கென்றே செய்தது, பின்பக்கம் ஒரு காது மாதிரித் துருத்திக்கொண்டு இருக்கும், பிடித்து இழுக்கலாம். விரல் பக்கம் கொஞ்சம் இறுக்கமாகத் தெரியவே, வலிக்கிறதா என்று கேட்டேன். ஒன்றும் தெரியவில்லை என்றாள். தெரியவில்லை என்றால் சரியாக இருக்கிறது என்றுதானே எவனும் எடுத்துக்கொள்வான்? தினம் காலையில் அதைப் போட்டுக்கொண்டு பால் கடை வரைக்கும் போய் வரச் சொன்னேன். போனாள், வந்தாள். நான் மகளிடம் வேலை முடிந்தது என்று சொன்னேன்.

ஐந்தாறு நாள் கழித்து அவள் கட்டிலில் உட்கார்ந்து காலுறையை உருவினாள். இடது கால் விரல் பக்கம் காலுறை பழுப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. நான் முதலில் சேறு என்று நினைத்தேன்.

மெட்டியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கல்யாணத்தில் நான் போட்டது பேருக்கு ஒரு மெட்டி, தகடு மாதிரி. முதல் முதலாகச் சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுத்து முடித்த வருடம், அல்சூரில் ஒரு பத்தரிடம் மூன்று சுற்று வைத்துக் கெட்டி வெள்ளியில் செய்யச் சொன்னேன். கம்பி கட்டுகிறவன் பெண்டாட்டி மெட்டி கட்டுக்கம்பி மாதிரி மெலிசாக இருக்கிறது என்று எவனும் சொல்லக் கூடாது. கழன்று விழுந்துவிடாமல் இருக்க, விரலில் ஏற்றிய பிறகு வாயைச் சேர்த்துப் பற்றவைக்கவும் சொன்னேன். பத்தர் ஈரத்துணியைச் சுற்றி வைத்துப் பற்றவைத்தார். அதற்குப் பிறகு அது அவள் காலை விட்டு இறங்கியதே கிடையாது. எங்கள் தெருவில் அப்படி ஒரு மெட்டி இன்றைக்கும் யார் காலிலும் இல்லை.

அந்த மெட்டி இப்போது ஷூவுக்கும் விரலுக்கும் நடுவில் மாட்டி, தோலை அறுத்து, உள்ளே இறங்கியிருந்தது. விரல் உருண்டு கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. இவ்வளவும் அவளுக்குத் தெரியவில்லை. சர்க்கரை அவள் பாதத்தில் உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். வலி இல்லை என்று அவள் சொன்னது பொய்யில்லை. எண்ணெய் போட்டுப் பார்த்தார், நூல் சுற்றிப் பார்த்தார், மெட்டி நகரவில்லை. அறுத்து எடுக்கத்தான் வேண்டும், இன்றைக்கே எடுத்தால் புண் பயணத்துக்குள் காய்ந்துவிடும், தள்ளிப்போட்டால் பயணமும் போகும், விரலும் போகலாம் என்றார்.

என் மனைவி காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பினோம். ஆட்டோவில் நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். மெட்டிதானே, நாளைக்கே இதைவிடக் கனமாகப் புதிதாகச் செய்து போடுகிறேன் என்றேன். பேரப்பிள்ளை என்றேன். மகள் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். கதவைத் திறந்து உள்ளே போனதும், சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் மாத்திரை டப்பாவைக் காட்டினாள்.

"ஏங்க, நெஞ்சுல கம்பி வெச்சிக்கினு உக்காந்திருக்கிறீங்க. நீங்க இருக்கறப்பவே என் காலு மூளியா இருக்கணுமா? அத்தோட உங்கள தனியா வுட்டுட்டு நான் பிளேன்ல ஏறணுமா?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்பிடித்தான் அன்னிக்கும் சொன்னீங்க. சொல்லிட்டுத்தான் பாத்ரூம்ல வுழுந்தீங்க."

நான் எத்தனையோ பேரிடம் பேசி வேலை வாங்கியவன். கூலி போதாது என்று கம்பியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்த நாற்பது பேரை அரை மணி நேரத்தில் எழுப்பி வேலைக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு பெண்பிள்ளையை அன்று என்னால் அசைக்க முடியவில்லை. கோபப்பட்டேன். அவள் சாதம் போட்டு வைத்தாள். கெஞ்சினேன். மோர் ஊற்றினாள். மகள் வீடியோவில் வந்து, ஷூ எப்படி இருக்கும்மா என்று கேட்டாள். நல்லா இருக்குடா என்று சொல்லிவிட்டுக் காலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அந்தப் பக்கம் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டு எழுந்து நடந்தாள். இந்தப் பக்கம் இவள் திரையைத் தடவிக்கொண்டிருந்தாள். நடுவில் நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு என்னால் முடிந்த வேலை அது ஒன்றுதான்.

மறுநாள் காலை விரல் இன்னும் கறுத்திருந்தது. நான் என் பழைய வேலைப் பையிலிருந்து கம்பி வெட்டும் கட்டிங் பிளேயரை எடுத்துத் துடைத்து, அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவள் தடுக்கவில்லை. வெட்டுங்க என்றும் சொல்லவில்லை. நீங்க போட்டது, நீங்க பாத்துக்குங்க என்று காலை நீட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டன் கணக்கில் கம்பி வெட்டிய கை இது. பிளேயரின் வாயை வெள்ளிக்கும் சதைக்கும் நடுவில் நுழைக்கப் போனபோது பிளேயர் நழுவித் தரையில் விழுந்தது. இரண்டு தரம் எடுத்தேன், இரண்டு தரமும் முடியவில்லை. மாரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வலியெல்லாம் இல்லை. பயம்தான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். என் முகத்தில் என்ன பார்த்தாளோ தெரியாது. எழுந்து போய்ச் சாமி மாடத்திலிருந்து மஞ்சள் தடவிய நூல் ஒன்றை அறுத்துக்கொண்டு வந்தாள்.

"முன்னாடி இத பக்கத்து விரல்ல கட்டுங்க. காலு ஒரு நிமிஷம்கூட காலியா இருக்கக் கூடாது. அப்புறம் பத்தரு வெட்டட்டும். வலது காலு மெட்டிய யாரும் தொடக் கூடாது. இதுக்கு ஒத்துக்கினா வரேன்."

இப்படி ஒரு வழக்கம் உண்டா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியுமோ என்னவோ. அவளே உண்டாக்கியதாகவும் இருக்கலாம். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

அல்சூர்ப் பத்தர் இப்போது இல்லை. அவர் மகன் கடையில் இருந்தார். கூட்டம் வேறு. நாற்காலியில் அவளை உட்கார வைத்து, நான் கீழே தரையில் உட்கார்ந்தேன். கல்யாணத்தில் அம்மிமேல் வைத்த காலைப் பிடித்ததுதான், அதற்குப் பிறகு நான் அந்தக் காலைத் தொட்டதில்லை. நூலை நடு விரலைச் சுற்றிக் கொண்டுவந்து முறுக்கினேன். விட்டதும் பிரிந்துகொண்டது. மறுபடியும் முறுக்கினேன், மறுபடியும் பிரிந்தது. கட்டுக்கம்பியை முறுக்கினால் நிற்கும், நூல் நிற்காது. என் விரல்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு கட்டுத்தான். கடைக்கு வந்த இரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பத்தர் கையில் வெட்டுக் கத்திரியோடு காத்திருந்தார். வேர்த்துக் கண்ணில் இறங்கியது.

அவள் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"முறுக்காதீங்க. சிமென்ட் பைக்கு வாய் கட்டுவீங்கல்ல, அப்பிடி கட்டுங்க."

கட்டினேன். பத்தர் வெட்டினார். சின்னச் சத்தம்தான் வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு என் தோள்பட்டையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது. பிறகு கண்ணைத் திறந்து காலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள், தலையிலிருந்து இடுப்பு வரைக்கும், ஏதாவது குறைந்திருக்கிறதா என்று தேடுகிற மாதிரி.

இனி ஷூ. கடைசி வாரம் அது. புண்ணுக்குக் கட்டுப் போட்ட இடது விரல், மெட்டியோடு வலது விரல், மேலே விமானத்தில் வரப்போகும் வீக்கம். இந்த மூன்றுக்கும் இடம் வேண்டும். நான் தனியாகவே கடைக்குப் போனேன். அவள் பாதத்தைத் தரையில் ஒரு அட்டையின் மேல் வைக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றி வரைந்து, அதற்கு வெளியே ஒரு விரல் அகலம் விட்டு வெட்டி எடுத்துப் போயிருந்தேன். தூணுக்குப் பலகை அடிக்கும்போது கம்பிக்கு வெளியே கான்கிரீட்டுக்கு இடம் விட வேண்டும். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். பெண்கள் பக்கத்தில் இருந்த ஒரு ஷூவிலும் அட்டை நுழையவில்லை. எல்லாம் முன்னால் கூம்பிக் கிடந்தது. நகர்ந்து ஆண்கள் பக்கம் போனேன். கடைப் பெண் பின்னாலேயே வந்தாள்.

"அங்கிள், இது ஜென்ட்ஸ் மாடல். ஆன்ட்டிக்கின்னு சொன்னீங்க?"

"காலுக்குத்தாம்மா."

கறுப்பு நிறம். விரல் பக்கம் தவளை வாய் மாதிரி அகலம். மேலே வலை மாதிரி இழுபடும் துணி, வீங்கினால் கூடவே விரியும். பின்பக்கம் மிதித்தால் மடங்கி, காலை எடுத்தால் தானாக நிமிரும். குனியவே வேண்டாம். கயிறு இல்லை, பட்டை இல்லை, கையில் வைத்தால் கனம் தெரியவில்லை. அட்டையை உள்ளே விட்டேன், எந்தப் பக்கமும் மடங்காமல் போய்ப் படுத்தது. உள்ளே கையை விட்டுத் தையல் எங்காவது குத்துகிறதா என்று தடவினேன். அவள் காலுக்குத் தெரியாதது என் விரலுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? தினம் ஒரு மணி நேரம் போட வைத்து, கழற்றியதும் நானே பாதத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். சிவப்பு இல்லை. டாக்டரம்மாவும் பார்த்துவிட்டு, போகலாம் என்றார்.

விமான நிலையத்தில் வாசலுக்கு மேல் என்னை விடவில்லை. சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைத்திருந்தோம். ஒரு பையன் தள்ளிக்கொண்டு போனான். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடி வழியாகச் சேலைக்குக் கீழே அந்தக் கறுப்பு ஷூ இரண்டும் தெரிந்தது, அப்புறம் கூட்டம் மறைத்துவிட்டது. அதற்குப் பிறகு நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை. சோதனையில் கழற்றினாளா, திரும்பப் போட்டாளா, நடுவில் இறங்கும் ஊரில் வீங்கியதா, மெட்டி இறுகியதா, அவளுக்குத்தான் தெரியாதே, யார் பார்த்துச் சொல்வார்கள்? வெளியே ஒரு தூணில் சாய்ந்து நின்றேன். எங்களைக் கூட்டி வந்த டாக்சி டிரைவர் இரண்டு தரம் வந்து கூப்பிட்டார். உள்ளிருந்து அவள் போன் செய்தாள். கழட்டினேன், போட்டுக்கினேன், நீங்க மாத்திரை போட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாள். பாதம் இரண்டும் வீங்கித்தான் இருந்தன, ஆனால் ஒரு கீறல் இல்லை. மகளை விட்டு வீடியோவில் ஒவ்வொரு விரலாகக் காட்டச் சொன்னேன். மஞ்சள் நூல் நனைந்து கறுத்திருந்தாலும் கட்டு அவிழவில்லை. பேத்தி பிறந்தாள். எல்லாம் சுகம்.

இப்போது என் குறைக்கு வருகிறேன். மகள் அந்த ஊர் ஏர்போர்ட்டில் எடுத்த படத்தை எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். கீழே, எங்கம்மா தன்னந்தனியா வந்துட்டாங்க என்று இங்கிலீஷ் எழுத்தில் எழுதினாள். ஆளாளுக்குக் கைதட்டும் படம் போட்டார்கள். சக்கர நாற்காலி தள்ளியவனுக்கு நன்றி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த கேரளத்து நர்சுக்கு நன்றி. நல்லது, சொல்லட்டும். எனக்குப் போனில் சொன்னது என்ன தெரியுமா? அப்பா, எதுக்குப்பா அம்மாவுக்கு ஆம்பளை ஷூ வாங்கிக் குடுத்தீங்க, இங்க எல்லாரும் சிரிக்கிறாங்க, நான் வேற வாங்கிட்டேன் என்றாள். படத்தையும் முழங்காலோடு வெட்டித்தான் போட்டிருக்கிறாள்.

மகளே, இதை நீ யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லியாவது கேள். தமிழ் படிக்க உனக்குத் தடுமாறும் என்று எனக்குத் தெரியும். உன் அம்மா தன்னந்தனியாக வரவில்லை. இத்தனை ஊர் தாண்டி அவள் காலை ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்து உன்னிடம் சேர்த்தது நான் எடுத்த ஷூ. அளவு நான் எடுத்தது, இடம் நான் விட்டது, நூல் நான் கட்டியது. படத்தைப் பாதம் தெரிகிற மாதிரி மறுபடியும் போடு. கீழே, அப்பா எடுத்துக் கொடுத்த ஷூ என்று எழுது. குரூப்பில் எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுது.